முதல் ஆளாக ஓடி வருகிறவர்

ஒரு விபத்து நடந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்து நான் பார்த்ததில்லை. அடிபட்டவன் கத்தி வாய் மூடுவதற்குள் அங்கே நிற்பார். செருப்பு எங்கேயோ கிடக்கும், வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் கீறன்" என்று சொல்லிக்கொண்டே ஆளைத் தூக்கிவிடுவார். காரின் பின் சீட்டுக்கு ரெக்ஸின் உறை போட்டு வைத்திருந்தார். ரத்தம் பட்டால் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடலாம். சீட்டுக்கு அடியில் பழைய போர்வை, தண்ணீர் கேன், குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் இருக்கும். கண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரி, தீக்காயத்துக்கு எது, எலும்புக்கு எது, எந்த நேரத்தில் எந்த ரோடு காலியாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்தக் காரின் உள்ளே முதன்முதலில் எட்டிப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. அது அவ்வளவு தயாராக இருந்ததுதான் காரணம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய தாழ்வான மனையில் இருந்தது அவருடைய கம்பெனி. பெயின்ட், மருந்து, ரசாயனக் கம்பெனிகள் காலி செய்து போட்ட இரும்பு டிரம்களை லாரி லாரியாக வாங்கி வந்து, கழுவி, நசுங்கல் எடுத்து, வர்ணம் பூசித் திரும்ப விற்பார்கள். தேறாத டிரம்களை கேஸ் கட்டரால் அறுத்துத் தகடாக்குவார்கள். நான் ஆபீஸில் உட்கார்ந்து பில் போட்டேன். ஆபீஸ் என்றால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதன் ஜன்னலில் இருந்து பார்த்தால் மொத்தக் கம்பெனியும் தெரியும். தெரிந்ததுதான் என் பிரச்சினை.

அவருக்கு ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஆந்திர எல்லையோரத்தில் ஒரு ஊர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கம்பெனியில் யாரும் அவரை முதலாளி என்றோ சார் என்றோ கூப்பிட்டதில்லை. நைனா என்றுதான். அப்பா. அவரைவிட மூத்த லாரி டிரைவர்களுக்கும் அவர் அப்பாதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாக்கியம் என்கிற பெண்ணின் கண்ணில் டிரம் கழுவும் காரத் தண்ணீர் தெறித்துவிட்டது. அவள் அலறிய அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் நைனா அவளைத் தரையில் சாய்த்து, ஹோஸ் பைப்பை எடுத்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "கண்ண மூடாதம்மா, என் தங்கமில்ல, மூடாத" என்று கெஞ்சினார். பிறகு அவரே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். பாதிப் பார்வைதான் திரும்பியது. ஆனால் அவள் வீட்டில் இருந்த நாட்களுக்கெல்லாம் சம்பளம் போனது. திரும்பி வந்தபோது உட்கார்ந்தபடி மூடிகளைத் தரம் பிரிக்கிற வேலையைக் கொடுத்தார். "என்னப் பெத்த அப்பன்கூட இப்பிடி ஓடியாந்திருக்க மாட்டான்" என்று பாக்கியம் எல்லாரிடமும் சொல்வாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. அதே சமயம், அவள் போட்டிருக்க வேண்டிய பாதுகாப்புக் கண்ணாடி என் மேஜைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் இருந்தது. அதை நைனாவே வாங்கி வந்தார். ஒருநாள் எல்லாரும் போட்டார்கள். மறுநாள் வேர்க்கிறது என்றார்கள். "வேர்த்தா கயட்டிடுங்கம்மா, பாவம், இந்த வெயில்ல" என்றார். பாக்கியத்துக்கு நடந்த பிறகாவது போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நானே கேட்டேன்.

"நைனா, அந்தக் கண்ணாடிங்கள இனிமேலாவது போடச் சொல்லலாமே."

"சொல்லலாம் எஸ்தரு. ஆனா கட்டாயப்படுத்தக்கூடாது. நம்ம ஜனங்கதான? ஒண்ணு ஆச்சின்னா நாம இல்லையா?"

நாம இல்லையா. இந்தக் கேள்வியைத்தான் எல்லாவற்றுக்கும் பதிலாக வைத்திருந்தார். நாம இல்லையா, அல்லது பாலிசி இல்லையா.

இன்சூரன்ஸ் பாலிசி என்பது அவருக்கு ஒரு தெய்வம் மாதிரி. தீக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று. புதுப்பிக்கிற தேதி ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஆயுத பூஜையன்று டிரம் உருட்டும் மெஷினுக்கும் கேஸ் கட்டருக்கும் சந்தனம் வைத்துவிட்டு, பாலிசி ஃபைலைக் கொண்டு வரச் சொல்லி அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரின் முள், உள்ளே அழுத்தம் இல்லை என்று காட்டும் சிவப்பில் கிடந்தது. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்ற எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் ஏசுவே ஏசுவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெருமழையில் ஏரி நிரம்பி வழிந்து கம்பெனிக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. டிரம்கள் மிதந்து போய் ரோட்டில் நின்றன. வர்ணம் பூசும் மெஷின் வீணானது. ஆட்களின் வீடுகளிலும் தண்ணீர். நைனா ஒரு லாரியில் அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பொன்னேரியில் இருக்கும் என் வீட்டுக்கும் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஒரு அடுப்பு கொடுத்துவிட்டுப் போனார். பாலிசிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். என்ன என்ன போயிற்று என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் புது மெஷின் வந்துவிட்டது. பழைய மெஷின் நின்ற அதே பள்ளத்தில் அதை நிறுத்தினார்.

"தரையக் கொஞ்சம் ஒசத்திட்டு வெச்சிருக்கலாமே நைனா?"

"எதுக்கு? வந்துச்சி, போச்சி, குடுத்தான். இன்னொரு தபா வந்தா இன்னொரு தபா குடுப்பான். நீ இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் பயந்துகினே கீற?"

ஆமாம், நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். காலையில் பொன்னேரியில் ரயில் ஏறும்போதே ஆரம்பித்துவிடும். கும்மிடிப்பூண்டி நெருங்க நெருங்க ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். எங்கள் பக்கத்தில் கரும்புகை ஏதாவது தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆபீஸில் இருக்கும்போது டிரம் விழுகிற சத்தம் கேட்டால் எழுதுகிற எழுத்து கோணும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுவேன். என் வீட்டுக்காரர் அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். நான் சொல்கிற கதைகளைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

"எங்க எடத்துல பர்மிட் இல்லாம ஒரு மூடியத் தொறக்க உடமாட்டான். பெல்ட்டு போடலன்னா கேட்டாண்டயே திருப்பி அனுப்பிடுவான். உங்க நைனா நல்லவருதான், யாரு இல்லன்னது? ஆனா அது கம்பெனி இல்ல எஸ்தரு, பட்டாசுக் கடை. வேற வேலை பாரு."

பார்க்கலாம் என்பேன். பார்க்கவில்லை. வேறு கம்பெனியில் எனக்கு ஏதாவது ஆனால் இப்படி ஓடி வர யார் இருப்பார்கள் என்று தோன்றும். அந்த நினைப்பு எவ்வளவு பொல்லாதது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவருடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் கிடையாது. லாரி வராமல் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாள், டீ குடித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். இளம் வயதில் இதே பேட்டையில் ஒரு பிரஸ் மெஷினில் வேலை பார்த்தாராம். விரல் நசுங்கியதும் அந்த முதலாளி ஒரு அழுக்குத் துணியைச் சுற்றி, அவரைத் தனியாக ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டானாம்.

"ஆட்டோல கீறவங்கள்லாம் என்னயே பாக்கறாங்க. ரத்தம் அவங்க மேல பட்ரும்னு தள்ளி ஒக்கார்றாங்க. கூட வர்றதுக்கு ஒரு ஆளு இல்லம்மா. வலி கூட இல்ல அப்ப. கூட ஆளு இல்லங்கறதுதான். அன்னிக்கு நென்ச்சேன், நான் ஒரு நாளும் கேட்டப் பூட்டிக்கினு போவ மாட்டன்னு."

சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கழுவி வைத்தார். அவர் ஏன் அப்படி ஓடி வருகிறார் என்று அன்றுதான் புரிந்தது. அந்தக் கதையில் பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு இருந்ததா என்று அவர் சொல்லவே இல்லை. அவருடைய மனதில் அநியாயம் ஆட்டோவில்தான் ஆரம்பித்தது.

ஒருமுறை கேஸ் கட்டரில் ஒரு டிரம் வெடித்தது. அறுப்பதற்கு முன்பு அதில் தண்ணீர் நிரப்ப வேண்டும். உள்ளே தங்கியிருக்கிற ஆவி அப்போதுதான் வெளியேறும். அவசரத்தில் நிரப்பவில்லை. பூமி அதிர்ந்தது. டிரம்மின் மேல்தட்டு பறந்து போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. அறுத்துக்கொண்டிருந்த ஆள் எரிகிற கட்டரை டிரம் மேல் வைத்துவிட்டு, பீடி பற்றவைக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தான். அதனால் உயிரோடு இருந்தான். ஒரு கீறல் இல்லை.

நைனா காரைத் திருப்பி நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"யாருக்கு? யாருக்கு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல நைனா."

"நல்லாப் பாருங்கடா. யாருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்ல நைனா. எல்லாரும் கீறோம்."

அவர் நடுமுற்றத்தில் நின்றார். கைகள் இரண்டும் முன்னால் நீட்டியபடி, தூக்குவதற்குத் தயாராக, ஆனால் தூக்க யாரும் இல்லாமல் நின்றன. என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. கூரையின் ஓட்டையிலிருந்து வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சாமி காப்பாத்திச்சி, பிரியாணி சொல்லுங்கடா" என்றார். எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் கொண்டுபோன சோற்றைக்கூடத் திறக்கவில்லை. அன்று எனக்கு வந்த பயம் வெடித்ததைப் பார்த்து வந்ததல்ல. நீட்டியபடி நின்ற அந்தக் கைகளைப் பார்த்து வந்தது. இந்த மனிதருக்கு யாராவது விழுந்தால்தான் வேலை ஆரம்பிக்கிறது.

டிரம் கழுவிய தண்ணீரெல்லாம் முற்றத்துக்கு அடியில் இருந்த ஒரு தொட்டிக்குப் போகும். அங்கிருந்து மோட்டார் இழுத்து வெளியே அனுப்பும். ஒரு கோடைக்காலத்தில் தொட்டிக்குள் சேறு ஏறி மோட்டாரின் வாயை அடைத்துக்கொண்டது. தண்ணீர் திரும்பி வந்து கழுவுகிற இடமெல்லாம் தேங்கியது. தேசிங்கு இறங்கி அள்ளுவதாகச் சொன்னான்.

தேசிங்கு கம்பெனியின் பழைய ஆள். அவன் அப்பா ஏலியம்பேடு பக்கம் வயல் வேலை செய்தவர். இவன் டிரம் கழுவ வந்தான். குள்ளமாக, எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பான். மனைவி பெயர் குமாரி. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். குமாரி செய்து தருகிற கருவாட்டுக் குழம்பைச் சில நாட்கள் எனக்கும் ஒரு டப்பாவில் கொண்டு வருவான்.

தொட்டி மூடியைக் கழற்றும்போது நான் நைனாவிடம் போனேன்.

"நைனா, எங்க ஊட்டுக்காரரு சொல்லிக்கினே இருப்பாரு. இந்த மாதிரித் தொட்டில ஃபேன் போட்டுக் காத்து அனுப்பாம எறங்கக்கூடாதாம். உள்ள கேஸு இருக்குமாம். நாளைக்கு யாரையாச்சும் வரச் சொல்லி…"

"நாளைக்கா? தண்ணி பூரா நிக்கிதேம்மா. ஒரு நிமிஷ வேலை. நாலு பக்கெட்டு அள்ளினா போச்சி. மேல ஆளுங்க நிக்கிறாங்க. நான் கீறன்."

தேசிங்கு என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாக்கா, என்னமோ கெணத்துல குதிக்கற மாதிரி சொல்ற. நைனா இங்கதான கீறாரு?"

ஏணியில் இறங்கினான். அவனுடைய தலை மறைந்தது. உள்ளே இருந்து ஏதோ சொன்னான். பக்கெட் கேட்டான் என்று நினைக்கிறேன். மேலே நின்றவன் பக்கெட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினான். தொப் என்று ஒரு சத்தம் வந்தது, ஈரத் துணி மூட்டையைப் போட்டது போல.

"தேசிங்கு. டேய் தேசிங்கு."

பதில் இல்லை. மேலே நின்றவன் ஏணியில் காலை வைத்துவிட்டான். நைனா அவனுடைய சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார். "நீ புள்ளகுட்டிக்காரன். தள்ளு." துண்டை நனைத்து மூக்கில் கட்டினார். "கயிறு கட்டாம உடாதீங்க" என்று ஒரு குரல் கிழிந்து கத்தியது. அது என் குரல்தான் என்று பிறகு சொன்னார்கள். இரண்டு பேர் பாய்ந்து அவருடைய இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள். அவர் நிற்கக்கூட இல்லை, கட்டக் கட்டவே இறங்கினார்.

நான் தொட்டியின் வாய்க்கு அருகில் மண்டியிட்டுப் பார்த்தேன். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. கீழே மங்கலில் நைனாவின் வெள்ளைச் சட்டை குனிவது தெரிந்தது. "புட்ச்சிக்கினேன்" என்றார். அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை மெதுவாக, யாரோ உட்கார வைப்பது போல, சேற்றில் உட்கார்ந்தது.

இழுங்கடா இழுங்கடா என்று எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். பாக்கியமும் பிடித்தாள். நானும் பிடித்தேன். நைனா மேலே வந்தார். வாயில் நுரை, முகம் நீலம். தேசிங்கின் கை பாதி ஏணி வரைக்கும் அவருடைய கைக்குள் இருந்ததை நான் பார்த்தேன். மூன்று விரல் மட்டுமே இருந்த கை. அதிலிருந்து அது நழுவிப் போனது. தீயணைப்பு வண்டி வந்து தேசிங்கை எடுத்தபோது அவன் முகத்தில் சேறு அப்பியிருந்தது. யாரோ ஹோஸ் பைப்பால் கழுவிவிட்டார்கள்.

நைனா பிழைத்துக்கொண்டார். ஆனால் பல நாட்கள் மூச்சுக் குழாயோடு படுத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விபத்துக்குப் பிறகு அவரால் ஓட முடியவில்லை. தேசிங்கை அடக்கம் செய்த அன்று அவருக்கு நினைவே இல்லை. போலீஸ் கேஸ் போட்டது. கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். ஜாமீன், வக்கீல் எல்லாவற்றையும் அவருடைய மச்சான்தான் பார்த்துக்கொண்டார். பாலிசிக்காரர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இத்தனை வருடமும் அவர்கள் கேட்டது என்ன போயிற்று என்றுதான். இந்த முறை வேறு மாதிரி கேட்டார்கள். மூடியைத் திறந்து காற்றுப் போக விட்டீர்களா, காற்றைச் சோதித்தது யார், இறங்கச் சொன்னது யார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நைனா முதல் இரண்டு கேள்விகளுக்கும் இல்லை, யாருமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கடைசிக் கேள்விக்குக் கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

எழுந்து நடக்க முடிந்ததும் தேசிங்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். தனியாகப் போக முடியாது, நீயும் வாம்மா என்றார். போனோம். குமாரி பாயை விரித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. நைனா பேச ஆரம்பித்தார். பாலிசியில் வரவேண்டியது வந்துவிடும், அதற்கு மேல் தானும் செய்வார், மகளை எவ்வளவு படித்தாலும் படிக்க வைப்பார், குமாரிக்கு வேலை, வீட்டுக்கு மேல்தளம் எல்லாம் சொன்னார். பேசப் பேச அவருக்குப் பழைய தெம்பு திரும்பி வருவதை நான் கவனித்தேன். இதுதான் அவருக்குத் தெரிந்த இடம். இங்கேதான் அவருக்கு வழி தெரியும்.

குமாரி கேட்டு முடித்தாள்.

"செய்வீங்கன்னு தெரியும் நைனா. அவுரு உசுரோட இருக்கச் சொல்லவே அதத்தான் சொல்லுவாரு. டிரம்மு வெடிச்சிச்சின்னு கேள்விப்பட்டு, வேற எடத்துக்குப் போயிடுன்னு நான் சண்ட போட்டேன். போடி, எங்க நைனா கீறாரு, ஒண்ணு ஆனா நம்மள உட்டுட மாட்டாருன்னாரு."

"உடமாட்டம்மா. உசுரு இருக்கற வரைக்கும்…"

"அதான் நைனா. அத்த நம்பித்தான் எறங்கினாரு." அவள் குரல் உயரவில்லை. இதுவரை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று மாறினாள். "நீ கெட்டவனா இருந்திருந்தா எறங்கியிருக்க மாட்டாரு. என் சாவுக்கு எவன் வருவான்னு பயந்து வேலைய உட்டுட்டு வந்திருப்பாரு. உன்னாலதான் அந்தாளுக்குப் பயமே இல்லாமப் போச்சி."

நைனா தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்தார். காரில் திரும்பும்போது தேசிங்கு சொன்னதுதான் எனக்குள் ஓடியது. போடி, எங்க நைனா கீறாரு. வேறு வேலை தேடாமல் இருக்க நான் எனக்கே சொல்லிக்கொண்ட ஆறுதலும் அதுதானே. அந்த ஏணியில் தேசிங்குக்குப் பதில் நான் இறங்குவது போல அன்று முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

குமாரிக்குச் சொன்னதையெல்லாம் அவர் செய்தார். மகள் படிக்கிறாள். கேஸ் நடந்துகொண்டிருக்கிறது.

பல மாதம் கழித்து சீலை எடுத்தார்கள். திறப்பதற்கு முன்பு தொட்டியைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று உத்தரவு. ஒரு நாள் மட்டும் வந்து கணக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிடலாம் என்று நான் போனேன். முற்றத்தில் புது ஆட்கள் நின்றார்கள். இதற்கென்றே இருக்கிற கம்பெனியிலிருந்து வந்தவர்கள். தொட்டிக்கு மேலே மூன்று கால் ஸ்டாண்ட் நின்றது. பெரிய ஃபேன் முந்தைய நாளிலிருந்தே காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டியவன் உடம்பு முழுக்க பெல்ட் மாட்டி, முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றான். எல்லாம் என் வீட்டுக்காரர் சொல்கிறபடி, முறைப்படி. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காற்றைச் சோதிக்கும் மீட்டரைக் கீழே இறக்கிப் பார்த்தவர் நைனாவைப் பார்த்தார். "சார், ரீடிங் நார்மலா கீது. எறக்கலாமா?"

"இன்னொரு தபா பாருங்க."

பார்த்தார். "நார்மல் சார்."

"ஓரத்துல பாருங்க. அந்த மூலைல."

அங்கேயும் பார்த்தார்கள். பெல்ட் மாட்டியவன் ஏணியில் ஒரு காலை வைத்தான். நைனா இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"வேணாம். எறங்க வேணாம்பா. வெளிய வா."

"சார், எல்லா சேஃப்டியும் பண்ணிட்டோம். ஒண்ணும் ஆவாது. அப்பிடியே ஆனாலும் எங்களுக்கு இன்சூரன்ஸ் கீது சார்."

"வெளிய வாடான்னு சொல்றன்ல!"

அவர் யாரையும் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. அந்த ஆள் காலை எடுத்துக்கொண்டான். நைனாவின் மச்சான் வந்து, வந்தவர்களை ஏன் திருப்பி அனுப்புகிறாய், தேதி தவறிப்போகும் என்று சண்டை போட்டார். அவர் காதில் வாங்கவில்லை. மேலே இருந்தபடியே உறிஞ்சி எடுக்கிற லாரி ஒன்று வேண்டும் என்று ஊர் ஊராக போன் போட்டார். மத்தியானத்துக்கு மேல் ஒரு லாரி வந்தது. தடித்த குழாயைத் தொட்டிக்குள் விட்டார்கள். மனிதர்கள் எல்லாரும் மேலேயே நின்றோம். குழாய் உறுமிக்கொண்டு சேற்றை இழுத்தது. இழுக்கிற ஒவ்வொரு முறையும் அது ஒரு மிருகம் போல உதறியது.

நைனா ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தரு, நெஞ்சு அடிச்சிக்கினே கீதும்மா. காலைல கேட்டத் தொறக்கச் சொல்லவே ஆரம்பிச்சிடுது. எத்தப் பாத்தாலும் பயமா கீது. அந்தக் கூரை, அந்த ஒயரு, அங்க ஒருத்தன் டிரம்மு உருட்டறான் பாரு, அது. எனக்கு இப்பிடியெல்லாம் இருந்ததே இல்ல. டாக்டருகிட்ட சொன்னேன், மாத்திர குடுத்தாரு. போயிடுமா இது?"

அந்தப் பக்கம் பழைய டிரம்களை ஒதுக்கி உருட்டிக்கொண்டிருந்தவனை இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

"இருக்கட்டும் நைனா" என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, டிரம் உருட்டுகிறவனை நோக்கி, அவன் விழுவதற்கு முன்பே, நடந்து போனார்.